சிகரெட்டே தொடாத அம்மாவுக்கு எப்படி வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. வீட்டில் யாருக்கும் புகைப்பழக்கம் இல்லை. ஆனால் நுரையீரல் புற்றுநோய், ரிப்போர்ட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ்'. ஜெஃபிடினிப் மாத்திரை ஆரம்பித்ததும் ஆளே தேறிவிட்டார். 11 மாதம் கழித்து, கட்டி மறுபடி வளர்கிறது என்கிறார் டாக்டர். எப்படி வந்தது? கேட்ட மாத்திரை ஏன் இப்போது கேட்கவில்லை?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா எதையோ சாப்பிட்டதால், எதையோ செய்யாமல் விட்டதால் வந்தது என்று சொந்தக்காரர்கள் யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். புகை பிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில், அதுவும் ஆசியப் பெண்களிடம், இந்த இ.ஜி.எஃப்.ஆர். (செல்லை வளரச் சொல்லும் ஒரு புரதத்துக்கான மரபணு) மாற்றம் நிறையவே காணப்படுகிறது. 'பாசிட்டிவ்' என்றால் அந்த மாற்றம் கட்டியில் இருக்கிறது என்று பொருள்.

எப்படி வருகிறது என்பதில் 2023-ல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்வான்டன் குழு வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 295 பேரின் நுரையீரலிலிருந்து, பார்வைக்கு நல்லதாகவே இருந்த திசுவை எடுத்து நுணுக்கமாகச் சோதித்தார்கள். 18 சதவீத மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும், 53 சதவீதத்தில் கே.ராஸ் என்ற இன்னொரு மாற்றமும் இருந்தன. புற்றுநோய் அல்ல, அதற்கு வழிவிடும் மாற்றம் மட்டும். வயதாக ஆக இப்படிச் சில செல்கள் சேர்ந்துகொண்டே போகும், பெரும்பாலும் காலம் முழுக்கச் சும்மாவே கிடக்கும். அப்படியானால் தட்டி எழுப்புவது எது? காற்றிலிருக்கும் பி.எம். 2.5 என்ற நுண்துகள் (தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு) உள்ளே போனதும் நுரையீரலின் காவல் செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கின்றன, அது தூங்கிக் கிடந்த செல்களைப் பெருக வைக்கிறது. எலிகளில் அந்தப் பொருளைத் தடுத்தபோது, மாசுக் காற்றைச் சுவாசித்தும் கட்டிகள் உருவாவது தடைபட்டது. அதாவது தூசி மரபணுவைக் கெடுத்துத்தான் புற்றுநோய் வர வேண்டும் என்பதில்லை, கெட்டது முன்பே இருந்தால் கிளப்பிவிட்டாலே போதும். உங்கள் அம்மாவுக்கும் இதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

இப்போது மாத்திரை. 'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்பார்கள், அது சரியில்லை. உடம்பு பழகவில்லை, புற்றுநோய்ச் செல்கள்தான் ஆள் மாறிவிட்டன. ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரைகளுக்குப் பிறகு நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் டி790எம் என்ற மாற்றம் இருக்கும். இந்த மாத்திரைகள் பிடித்துத் தடுக்கும் இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் 790-வது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும், அவ்வளவுதான், மாத்திரை பழையபடி பிடித்து நிற்காது. இந்தச் செல்கள் முன்பே இருந்தவையா, மருந்துக்குப் பின் பிறந்தவையா? இரண்டும் நடக்கிறது. சிலரிடம் ஆரம்பத்திலேயே ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், மற்றவை செத்ததும் அவற்றுக்குக் காலி இடம் கிடைத்துவிடும். இன்னொரு வகை, மருந்து இருக்கும்வரை வளராமல் உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும், அந்த நேரத்தில்தான் புது மாற்றத்தைப் பெறும். வயலில் கோரையை மேலே அறுத்துப் போட்டாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே, அந்த மாதிரி.

அதனால் டாக்டர் மறுபடி பயாப்சியோ ரத்தப் பரிசோதனையோ கேட்டால் 'எதற்கு இன்னொரு தடவை' என்று தயங்காதீர்கள். டி790எம் இருந்தால், அதற்கென்றே வந்த ஓசிமெர்டினிப் இருக்கிறது, அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்த மருந்து. அதையும் சி797எஸ் என்ற மாற்றம் பிற்பாடு ஏமாற்றலாம், ஆனால் அந்தக் கவலை இப்போது வேண்டாம். டி790எம் இல்லையென்றால் வழி வேறு, கீமோ உட்பட. எதுவானாலும் ரிசல்ட் வரும்வரை இப்போதைய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

கேள்வி: நல்ல நுரையீரலிலேயே இந்த மாற்றம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் நாங்கள் எல்லோரும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா? (அதே வாசகி)

பதில்: வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் போகும். இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.