41 நாவல்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது? டிஸ்க்வேர்ல்டுக்கு ஒரு வழி

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் என்ற நகைச்சுவை மாயக்கதை நாவல்களைப் படிக்க ஆசைப்பட்டு முதல் புத்தகத்தை வாங்கினேன். எழுபது பக்கம் தாண்டவில்லை. சிரிப்பும் வரவில்லை, கதையும் பிடிபடவில்லை. மொத்தம் 41 என்கிறார்கள். வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா? ஆங்கில நாவல் படிப்பேன், ஆனால் அகராதி பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: முதல் புத்தகத்தை மூடி அலமாரியில் வையுங்கள். அதற்குப் பதில் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' வாங்குங்கள். வெளிவந்த வரிசையில் அது எட்டாவது, 1989இல் வந்தது. முதல் ஏழையும் படிக்காமல் அதில் நுழைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

உங்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1983இல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்', அதற்கு முந்தைய ஆண்டுகளின் வாளும் மந்திரமுமான ஆங்கில மாயக்கதைகளைக் கிண்டல் செய்ய எழுதப்பட்டது. மூலப் படத்தைப் பார்க்காதவருக்கு அதை நக்கலடிக்கும் படத்தைப் போட்டுக் காட்டினால் எப்படியிருக்கும், அந்தக் கதைதான். போதாக்குறைக்கு அது ஒரே நாவலும் இல்லை; நான்கு சாகசங்களை ஒட்டவைத்தது. கதை உலகத்தின் விளிம்பில், பாதி அந்தரத்தில் நின்றுவிடும். மிச்சம் 1986இல் வந்த 'தி லைட் ஃபென்டாஸ்டிக்'கில்.

அடுத்தது சொல் விளையாட்டு. முதல் புத்தகத்தில் வேற்று நாட்டுச் சுற்றுலாப் பயணி ஒருவர் ஒரு சொல் சொல்வார். அதைப் 'பாதாள பூதங்களின் எதிரொலி' என்று மொழிபெயர்ப்பார்கள். எதிரொலிக்கு 'எக்கோ', பூமிக்கடியில் வாழும் குட்டி பூதத்துக்கு 'நோம்'. இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் 'எக்கனாமிக்ஸ்'. பொருளாதாரம் என்ற சொல்லையே கேள்விப்படாத ஊரில் அது அப்படித்தான் காதில் விழுகிறது. அகராதியில் தேடினால் இது அகப்படாது, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் உண்டு. பிற்காலப் புத்தகங்களிலும் இந்த மாதிரி வரும். ஆனால் அங்கே கதை உங்களை இழுத்துக்கொண்டு போவதால், பத்து சொல் விளையாட்டில் நான்கைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை.

முக்கியமான காரணம் மூன்றாவது. முதல் புத்தகத்தில் இருப்பது நிஜமான டிஸ்க்வேர்ல்டே இல்லை, அதன் வெள்ளோட்டம். வரிசை முழுவதும் வரும் பாத்திரம் மரணம்: எலும்புக்கூடு, கறுப்பு அங்கி, கையில் அரிவாள். பிந்தைய கதைகளில் மனிதர்களை வியந்து பார்க்கும், பூனைகளை நேசிக்கும் அருமையான ஆசாமி. முதல் புத்தகத்திலோ சிடுசிடுப்பான, கொஞ்சம் அற்பத்தனமான உருவம். அதைப் பார்த்துவிட்டு வரிசையையே எடை போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

உலகத்தைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது கையளவுதான். விண்வெளியில் நீந்தும் பெரிய ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான வட்ட உலகம். கூர்மத்தையும் திசை யானைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. அந்த உலகத்தின் பெரிய, நாறும் நகரம் ஆங்க்-மார்போர்க். அங்கே திருடர்களுக்கும் சங்கம் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு திருட்டு என்று ஒதுக்கீடு, திருடிய பொருளுக்கு ரசீது. இதற்கு மேல் வேண்டியதைக் கதையே சொல்லிக்கொடுக்கும்.

'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' தொடக்கத்துக்கு ஏற்றது என்பதற்கு இந்த நகரமே காரணம். யாரும் மதிக்காத இரவுக் காவல் படை: குடிகார கேப்டன் வைம்ஸ், சோம்பேறி சார்ஜென்ட் கோலன், கைநீளமுள்ள நாப்ஸ். அவர்களோடு சேர வருகிறான் கேரட் என்ற இளைஞன். குள்ளர்கள் எடுத்து வளர்த்ததால் தன்னையும் குள்ளன் என்றே நம்புபவன். உயரமோ ஆறரை அடி. பழைய சட்டப் புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டு வந்து, திருடர் சங்கத் தலைவரையே திருட்டுக்காகக் கைது செய்கிறான். அவனுக்கு நகரம் புதிது, உங்களுக்கும் புதிது. அவன் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள உங்களுக்கும் ஊர் பழகிவிடும்.

இந்த நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதே புத்தகத்திலிருந்து ஒரு காட்சி. டிராகனை ஒரே அம்பால் வீழ்த்த வேண்டும். கதைகளில் 'பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு' என்று எதைச் சொன்னாலும் பத்துக்கு ஒன்பது தடவை பலித்துவிடுகிறதே என்று காவலர்கள் யோசிக்கிறார்கள். அப்படியானால் வாய்ப்பு துல்லியமாகப் பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்தாக வேண்டும், 9,99,943இல் ஒன்றாக இருந்தால் வேலைக்கு ஆகாது. ஆகவே கோலனின் குறி சரியான அளவுக்குக் கெட வேண்டும் என்று அவர் வாயில் கைக்குட்டையைத் திணித்து, ஒற்றைக் காலில் நிற்க வைக்கிறார்கள். அம்பு என்ன ஆனது என்பதை அங்கேயே படித்துக்கொள்ளுங்கள். கதைகளின் விதியை எடுத்து, அதை நேர்மையாக நம்பும் சாமானியர்கள் கையில் கொடுப்பது. பிராட்செட்டின் சாமர்த்தியம் பெரும்பாலும் இதுதான். இந்தக் காட்சிக்குச் சிரித்தீர்கள் என்றால் மீதி நாற்பதும் உங்களுக்காகத்தான்.

வரிசை விஷயத்துக்கு வருவோம். 41உம் ஒரே கதையின் பாகங்கள் இல்லை. ஒரே உலகத்தில் ஓடும் ஐந்தாறு கிளைகள், நடுவே தனி நாவல்கள். கிளை மாறும்போது வரிசை பார்க்க வேண்டாம், ஒரு கிளைக்குள் மட்டும் வரிசை மாறக் கூடாது. காவல் படைக் கிளையில் இது மிக அவசியம், ஏனென்றால் வைம்ஸ் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறார்: சாக்கடையில் கிடந்தவருக்குத் திருமணமாகிறது, பதவி வருகிறது, பிள்ளை பிறக்கிறது. வரிசை இதுதான்: 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!', 'மென் அட் ஆர்ம்ஸ்', 'ஃபீட் ஆஃப் கிளே', 'ஜிங்கோ', 'தி ஃபிஃப்த் எலிஃபன்ட்', 'நைட் வாட்ச்', 'தட்!', 'ஸ்நஃப்'.

பலர் தடுக்கி விழும் இடம் 'நைட் வாட்ச்' (2002). "இதுதான் ஆகச் சிறந்தது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அதில் வைம்ஸ் முப்பது ஆண்டு பின்னோக்கித் தன் இளமைக் காலத்துக்கே போய் விழுகிறார். அவர் என்னவாக ஆனார் என்று முந்தைய ஐந்து புத்தகங்களில் பார்க்காதவருக்கு அந்த வலி உறைக்காது. சும்மா ஒரு நல்ல போலீஸ் கதையாக முடிந்துபோகும்.

காவல் படைக் கிளையின் இரண்டாவது புத்தகமான 'மென் அட் ஆர்ம்ஸ்'ஸில் பூட்ஸ் கணக்கு ஒன்று வரும், அங்கே நிதானமாகப் படியுங்கள். வைம்ஸின் சம்பளம் மாதம் 38 டாலர். நல்ல தோல் பூட்ஸ் 50 டாலர், பத்து வருடம் உழைக்கும். மட்டமானது 10 டாலர், ஓரிரு பருவத்தில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஐம்பது டாலர் கையில் இல்லாதவன் அதே பத்து வருடத்தில் நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் அப்போதும் ஈரம். 2022இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலையேற்றத்தைக் கணக்கிடும் முயற்சிக்கு வைம்ஸ் பூட்ஸின் பெயரையே வைத்தார்கள்.

டிராகன், போலீஸ் இரண்டும் வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்பவருக்கு 'ஸ்மால் காட்ஸ்' (1992). எந்தக் கிளையிலும் சேராதது. கடவுளின் பலம் பக்தர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது; மதமும் கோவிலும் விசாரணைக் கூடமும் கொழித்துக் கிடக்க, உண்மையாக நம்புபவன் மட்டும் ஒருவனே மிஞ்சியிருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத, எதையும் மறக்காத புருத்தா. அதனால் பெருந்தெய்வம் ஓம் ஒற்றைக் கண் ஆமையாகத் தோட்டத்தில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கடவுள் நம்பிக்கை இருப்பவரும் இல்லாதவரும் இதில் ஆளுக்கொரு உதை வாங்குவார்கள்.

இன்னொன்று 'கோயிங் போஸ்டல்' (2004), உங்களுக்கு மிகவும் ஒத்துவரக்கூடியது. டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தியாயப் பிரிவே கிடையாது, இதில் உண்டு. அகராதியோடு படிப்பவருக்கு அது பெரிய நிம்மதி. மாய்ஸ்ட் என்ற மோசடிக்காரன் தூக்குக்குக் காத்திருக்கிறான். ஐந்து வாரமாக ஒரு ஸ்பூனால் சுவரின் காரையைச் சுரண்டிக் கல்லைப் பெயர்க்கிறான். பின்னால் இன்னொரு கல், கூடவே பளபளப்பான புது ஸ்பூன். சிறைக் காவலர்களின் அன்பளிப்பு. பிறகு நகரின் ஆட்சியாளர் வெட்டினாரி அவனிடம், பாழடைந்த தபால் நிலையத்தை நடத்து, இல்லையென்றால் அந்தக் கதவு வழியாகப் போகலாம் என்கிறார். கதவைத் திறந்தால் தரையே இல்லை. ஸ்பூனை உள்ளே போட்டுப் பார்க்கிறான். சத்தம் வர ரொம்ப நேரம் ஆகிறது. இந்தக் கிளையில் அடுத்தவை 'மேக்கிங் மணி', 'ரெய்சிங் ஸ்டீம்'.

மரணத்தின் கிளை 'மோர்ட்'டில் (1987) தொடங்கும். சூனியக்காரிகள் கிளைக்குள் 'விர்ட் சிஸ்டர்ஸ்' (1988) வழியாகப் போங்கள். அதற்கு முன் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகக் கதைச் சுருக்கத்தைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு இரட்டிப்பாகும். முதலில் மூடி வைத்த புத்தகத்தை ஆறேழு நாவலுக்குப் பிறகு எடுங்கள், அப்போது அதன் மேல் பிரியமே வரும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள், பாதி நகைச்சுவை அங்கேதான் குடியிருக்கிறது. அதனாலேயே நீங்கள் முதலில் தொடங்கும் புத்தகத்தைக் காகிதத்தில் படிப்பது நல்லது. அடிக்குறிப்பைப் புத்தகத்தின் கடைசிக்குத் தள்ளிவிடும் மின்நூலில், விரலால் தொட்டுப் போய்த் திரும்புவதற்குள் நகைச்சுவை ஆறிவிடும். மேற்கோள் குறியில்லாமல் முழுக்கப் பெரிய எழுத்தில் வசனம் வந்தால் பேசுவது மரணம், அச்சுப் பிழை அல்ல. அத்தியாயம் இல்லாததால் வரி இடைவெளி விழும் இடத்தில் நிறுத்துங்கள். கதை அங்கேதான் ஆள் மாறும், நடுவில் விட்டால் மறுநாள் யார் பேசுகிறார் என்று தடுமாறுவீர்கள். முதல் ஐம்பது பக்கம் மூன்று நான்கு சரடுகள் தனித்தனியாக ஓடுவது வழக்கம். நூறாவது பக்கத்திலும் ஒட்டவில்லை என்றால் வேறு கிளைக்குத் தாவுங்கள். மொத்தத் தொகுப்பை ஒரேயடியாக வாங்கிவிடாதீர்கள்; ஒரு கிளையில் இரண்டு புத்தகம் முடியட்டும்.

ஒலிநூலும் கைகொடுக்கும். 2022 முதல் வந்த புதிய பதிவுகளில் அடிக்குறிப்புகளை பில் நையும் மரணத்தின் வசனங்களை பீட்டர் செரஃபினோவிச்சும் தனிக் குரல்களில் வாசிப்பதால் குழப்பம் இல்லை.

மகளுக்கு 'தி அமேசிங் மாரிஸ் அண்ட் ஹிஸ் எஜுகேட்டட் ரோடன்ட்ஸ்' (2001). பேசும் பூனை, படித்த எலிகள், குழலூதும் பையன்: ஊர் ஊராகப் போய் எலித் தொல்லையைக் கிளப்பிவிட்டு, விரட்டக் கூலி வாங்கும் கும்பல். சிறார் நூல்களுக்கான பிரிட்டனின் கார்னகி பதக்கம் பெற்றது, அத்தியாயங்களும் சின்னவை. ஆனால் நாயை ஏவி எலிகளைக் கொல்லும் காட்சியும் நிலவறைப் பகுதியும் கொஞ்சம் கடுமை. இரண்டாம் பாதியைச் சேர்ந்து படியுங்கள்.

அடுத்து 'தி வீ ஃப்ரீ மென்' (2003). நாயகி டிஃபனிக்கு ஒன்பது வயது. ஆற்றுப் பிசாசுக்கு சூப் தட்டு அளவு கண்கள் என்று புத்தகத்தில் படித்தவுடன், வீட்டு சூப் தட்டை எடுத்து அளந்து பார்ப்பவள்: எட்டு அங்குலம். அப்புறம் தம்பியை இரையாக உட்கார வைத்து, வாணலியோடு பிசாசுக்குக் காத்திருக்கிறாள். இதில் இடறுவது நீல நிறக் குட்டி மனிதர்களின் ஸ்காட்லாந்து வழக்கு. 'வீ' என்றால் சின்ன, 'கென்' என்றால் தெரியும், 'பெர்ன்' என்றால் குழந்தை, 'கிரிவென்ஸ்' நம் 'அடக் கடவுளே' மாதிரி. இந்த நான்கையும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் பேசும் பகுதியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

டிஃபனியின் கதை ஐந்து புத்தகம். ஐந்தாவது, 'தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன்', பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்த பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது, 41ஆவதும் அதுவே. அதை இருவருமே கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சூனியக்காரிகள் கிளையை முடிக்கும்வரை பின் அட்டைக் குறிப்பைக்கூடப் படிக்க வேண்டாம். ஆரம்பப் பக்கங்களிலேயே நடக்கும் ஒன்றை அது போட்டு உடைத்துவிடலாம்.