வெள்ளிக்கிழமை க்ளோசிங், ஞாயித்துக்கிழமை கிரகப்பிரவேசமா?

தம்பி, நியூ ஜெர்சி எடிசன்ல வீடு, வெள்ளிக்கிழமை க்ளோசிங் (கையெழுத்து போட்டு வீடு கைக்கு வர்ற நாள்), ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சறோம், ரியல்டர், அதான் வீட்டு ஏஜெண்ட், "ஃபைனல் வாக்-த்ரூ (க்ளோசிங்குக்கு முன்னாடி வீட்டக் கடைசியா சுத்திப் பார்க்கறது) 10 நிமிஷ வேலை, சும்மா எட்டிப் பார்த்தா போதும்"ங்கறார், அது சரியான்னு கேட்டிருக்கீங்க. கூடவே லோன் வட்டி ரேட்ட லாக் பண்றது, ஸ்கூல் வேற. ரேட் லோன் ஆபீசர்கிட்ட கேளுங்க, ஸ்கூலப் பத்தி நம்மாளுங்க ஆளுக்கொரு புராணம் வச்சிருக்காங்க, நான் வேற எதுக்கு.

10 நிமிஷம்லாம் பத்தாது, ஒரு மணி நேரமாவது வேணும். கோளாறு கண்டுபிடிக்கிறதெல்லாம் இன்ஸ்பெக்ஷன்லயே முடிஞ்சுது. இப்ப பார்க்க வேண்டியது, விக்கிறவங்க ரிப்பேர் பண்ணித் தர்றேன்னத பண்ணாங்களா, வச்சுட்டுப் போறேன்ன சாமான் இருக்கா, முழுசா காலி பண்ணிட்டாங்களா. கையெழுத்து போட்டு பணமும் போயிருச்சுன்னா அப்புறம் அந்த ஆளோட மல்லுக்கட்டுறது லேசில்ல, கோர்ட்டுதான். ரியல்டருக்கு க்ளோசிங் ஆனாத்தான் கமிஷன். நல்லவங்களும் இருக்காங்க, ஆனா 30 வருஷ லோன கட்டப்போறது நீங்கதான்.

கரண்ட், தண்ணி, கேஸ் எதையும் க்ளோசிங் வரைக்கும் நிறுத்தக்கூடாதுன்னு இப்பவே வக்கீல் மூலமா சொல்லி வைங்க, இல்லன்னா இருட்டுல டார்ச் அடிச்சு என்னத்தப் பார்ப்பீங்க. உள்ள போனதும் டிஷ்வாஷரை ஓட விட்டுருங்க, எல்லா குழாயையும் தொறந்து சிங்க் கீழ கைய விட்டு ஈரமான்னு பாருங்க, சுடுதண்ணி வருதா, ஃப்ளஷ் ஆகுதா, ஹீட்டர் ஓடுதா. கடுங்குளிரா இருந்தா ஏசியப் போட்டுப் பார்க்காதீங்க, கம்ப்ரெசருக்கு ஆகாது. ஃபோன் சார்ஜர் கொண்டு போயி ஒவ்வொரு ப்ளக்லயும் சொருகிப் பாருங்க. சோபாவ எடுத்த பிறகுதான் சுவத்து ஓட்டையும் கார்ப்பெட் கறையும் தெரியும். பேஸ்மெண்ட்ல சம்ப் பம்ப் (தேங்குற தண்ணிய வெளிய தள்ளுற பம்ப்) குழி இருந்தா ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க, பம்ப் தானா ஓடணும். 2021 செப்டம்பர் ஆரம்பத்துல ஐடா புயல் மிச்சம் வந்து கொட்டுனப்ப இந்தப் பக்கம் எத்தனை பேஸ்மெண்ட் மூழ்குச்சுன்னு பழைய ஆளுங்களக் கேளுங்க. அப்புறம் ஸ்மோக் டிடெக்டர், கார்பன் மோனாக்சைடு அலாரம், கிச்சன் பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்யூஷர் மூணும் சரியா இருக்குன்னு நியூ ஜெர்சில விக்கிறவங்க சர்டிஃபிகேட் வாங்கித் தரணும், அது வந்தாச்சான்னு கேளுங்க.

நாங்க வாங்குனது ஜனவரில, முட்டியளவு பனி. எச்-1பி வேலை விசால வந்து, மாடிக்காரன் நடக்குற சத்தத்துலயே வருஷக்கணக்கா அபார்ட்மெண்ட்ல தூங்கி எழுந்தவங்களுக்கு சொந்த வீடுன்னா என்ன ஆசை இருக்கும். வாக்-த்ரூவுக்குப் போனா, கான்ட்ராக்ட்ல எழுதியிருந்த புது வாஷரும் ட்ரையரும் காணோம், அந்த இடத்துல துருப்பிடிச்ச ஒரு ஜோடி நிக்குது! கராஜ் பூரா பழைய பெயிண்ட் டப்பா, டயர். "சின்ன விஷயம் சார், சைன் பண்ணிட்டுப் பேசிக்கலாம்"னார் ரியல்டர். என் வீட்டுக்காரி வீடு பார்க்கப் போன முதல் நாளே மாடல் நம்பரை ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தா, நீட்டினா. எங்க வக்கீலம்மா விக்கிறவங்க பணத்துல கொஞ்சத்த எஸ்க்ரோல (ரெண்டு பக்கமும் இல்லாத பொதுக் கணக்குல) நிறுத்தி வச்சாங்க பாருங்க, அடுத்த வாரமே மெஷின் வந்து இறங்கிடுச்சு.

இதுல நம்மாளுங்க பண்ற கூத்துதான் எனக்குப் பொறுக்காது. க்ளோசிங் தேதி தள்ளிப் போறது இங்க சகஜம், ஆனா இவங்க அதுக்கு முன்னாடியே முகூர்த்தம் குறிச்சு, மாமனார் மாமியாருக்கு டிக்கெட் போட்டு, பூஜை வாத்தியார், கேட்டரிங் எல்லாம் சொல்லிடுவாங்க, வாட்ஸ்அப்ல பத்திரிகையும் போயிடும். அப்புறம் வாக்-த்ரூல சீலிங் ஒழுகுனாலும் வாயத் தொறக்க முடியாது. தெரிஞ்ச ஒருத்தர் அப்படித்தான் ஈரக்கறையப் பார்த்துட்டே கையெழுத்து போட்டார், விருந்து முடிஞ்ச கையோட ப்ளம்பரைக் கூப்பிட்டு அந்தச் செலவும் அவர் தலையிலதான். அஞ்சு பெட்ரூம் வாங்கத் தெரியுது, முகூர்த்தத்த ரெண்டு வாரம் தள்ளத் தெரியல. உங்களுக்கும் அதான் சொல்றேன், வாத்தியார்கிட்ட அடுத்த தேதியும் ஒண்ணு கேட்டு வைங்க.

க்ளோசிங் டிஸ்க்ளோஷர் (லோன், செலவுக் கணக்கெல்லாம் இருக்குற பேப்பர்) கையெழுத்துக்கு மூணு பிசினஸ் நாள் முன்னாடியே வந்திருக்கணும், வரி வரியா படிங்க. நீங்க பணத்த வயர் பண்ண வேண்டிய அக்கவுண்ட் நம்பர் மாறிடுச்சுன்னு கடைசி நேரத்துல ஈமெயில் வந்தா நம்பாதீங்க, முன்னாடியே உங்ககிட்ட இருக்குற நம்பருக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க, அந்த மெயில்ல இருக்குற நம்பருக்கு இல்ல.

க்ளோசிங்குக்கு முன்னாடியே பால் காய்ச்சலாமான்னும் கேட்டீங்க, வேணாம், அடுத்தவங்க வீட்டுல அடுப்பு பத்த வச்சு ஏதாவது ஆனா யார் பொறுப்பு. ஹோமம் உண்டுன்னா அலாரம் கம்பெனிக்கு முதல் நாளே சொல்லிடுங்க, இல்லன்னா வாத்தியார் பூர்ணாஹுதிக்கு வர்றதுக்குள்ள ஃபயர் வண்டி வாசல்ல நிக்கும்.