அக்வாமேனும் நேமோரும் மோதினால் யார் ஜெயிப்பார்?

இருவருமே காமிக்ஸ் உலகின் கடல் வீரர்கள், அக்வாமேன் டிசி நிறுவனத்தின் ஆள், நேமோர் மார்வெலின் ஆள். கடலுக்குள் என்றால் அக்வாமேன், கரையிலோ வானத்திலோ என்றால் நேமோர். எங்கே சண்டை என்று சொல்லாமல் கேட்பதால்தான் இந்த வாதம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

வெறும் கைச்சண்டை என்றால் நேமோர் பக்கம்தான் நான். ஹல்க்கோடு நேருக்கு நேர் மோதித் தாக்குப்பிடித்தவர், கணுக்கால் சிறகுகளை வைத்துப் பறக்கவும் செய்வார். நேமோர் வந்தது 1939, அக்வாமேன் 1941, அதனால் இவர் அவருடைய நகல் என்று சிலர் ஆரம்பிப்பார்கள். யார் முதலில் பிறந்தார் என்பதற்கும் யார் அடிப்பார் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, 1996இல் மார்வெலும் டிசியும் சேர்ந்து வெளியிட்ட தொடருக்கு வருவோம், ஏனென்றால் நேமோர் ரசிகர்களுக்கு இன்றுவரை ஆறாத காயம் அதுதான். அதில் சூப்பர்மேன் - ஹல்க் மாதிரி ஐந்து மோதல்களின் முடிவை வாசகர்களின் ஓட்டுக்கு விட்டார்கள், அக்வாமேன் - நேமோர் உட்பட மற்ற மோதல்களைக் கதை எழுதியவர்களே முடித்தார்கள். இடது கைக்குப் பதில் கொக்கி மாட்டியிருந்த அந்தக் காலத்து அக்வாமேன், ஒரு ஓர்க்கா திமிங்கிலத்தை வரவழைக்கிறார், அது தண்ணீரிலிருந்து எம்பி நேமோர் மேலேயே விழுகிறது, அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

இதைப் போங்கு ஆட்டம் என்பவர்களை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. 1962இல் வந்த, மார்வெலின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸின் நான்காவது இதழை எடுத்துப் பாருங்கள். மலிவு விடுதி ஒன்றில் தாடியோடு, தான் யார் என்பதே மறந்து கிடக்கும் நேமோரை அந்த நால்வர் குழுவின் நெருப்பு வீரன் ஜானி ஸ்டார்ம் கண்டுபிடிக்கிறான், விரல் நெருப்பாலேயே தாடியை மழித்து, தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போடுகிறான். நினைவு திரும்பியதும் நேமோர் என்ன செய்கிறார்? கொம்பு ஊதி, மலை மாதிரி ஒரு கடல் மிருகத்தை எழுப்பி நியூயார்க் மேல் ஏவிவிடுகிறார்! அவர் மிருகத்தை அழைத்தால் வீரம், அக்வாமேன் அழைத்தால் போங்கா? அந்தக் கொம்பு கைவிட்டுப் போனதும் நேமோரின் திட்டமே கவிழ்ந்துவிட்டது, அக்வாமேனுக்கோ மனதில் நினைத்தாலே போதும், பிடுங்குவதற்கு எதுவும் கிடையாது.

நேமோர் ஜெயிக்க வழி இருக்கிறது. தண்ணீரிலிருந்து மேலே பறந்து, எந்தத் திமிங்கிலமும் எட்டாத உயரத்தில் அக்வாமேனை இழுத்துப் போட்டு அடிக்க வேண்டும், அதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும், உடம்பு காயக் காய நேமோரின் பலமும் இறங்கிவிடும். ஆனால் கடலே என்னுடையது என்று கர்ஜிக்கிற ஆள் எதிரியைக் கண்டு கடலை விட்டு மேலே போவாரா? எனக்குத் தெரிந்த நேமோர் போகமாட்டார். அதனால் ஆழ்கடலில் பத்து முறை மோதவிட்டால் ஏழு முறை அக்வாமேன் என்பது என் கணக்கு.