நகை அடகில் இருக்கும்போது சாக்ஸபோன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. சாக்ஸபோன் வாசிக்க வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்து இருக்கும் ஆசை. அபார்ட்மென்டில் குடியிருப்பதால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்க வசதியாக டிஜிட்டல் சாக்ஸபோன் பார்த்து வைத்திருக்கிறேன். கடையில் 96,000 ரூபாய் சொன்னார்கள். கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ உண்டாம். மாதம் 8,000 வீதம் 12 மாதம். அந்த 8,000 என்னால் மிச்சம் பிடிக்க முடியும். வாங்கலாமா? வேறு கடன் இல்லை. மனைவியின் நகை மட்டும் 80,000 ரூபாய்க்கு வங்கியில் இருக்கிறது. வருஷா வருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துவிடுகிறோம்.

பதில்: உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியில் ஒரு ‘மட்டும்’ இருக்கிறதே, அதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினீர்களா? ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பாதி ஆலோசனை அங்கேயே கிடைத்துவிடும்.

முதலில் அந்த நோ காஸ்ட் இஎம்ஐ. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. இப்போது நடப்பது வேறு கணக்கு. வங்கியின் வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 வீதம் 12 மாதம் கட்டினால், அது சுமார் 88,600 ரூபாய்க் கடனுக்கான தவணை. மீதி 7,400 வட்டி. அந்தத் தொகையைக் கடைக்காரர் ‘தள்ளுபடி’ என்று பில்லில் கழித்துவிடுகிறார். வட்டி இருக்கிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது சுமார் 1,300 ரூபாய், உங்கள் கார்டில்தான் ஏறும். பிராசஸிங் கட்டணம் தனி. ஆக, ரொக்கமாகக் கொடுத்தால் 88,000 ரூபாய்க்குத் தருவீர்களா என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. கையில் ரொக்கம் இருந்தால்தான் கேட்க முடியும், அதுதான் சிக்கல். ஒரு மாதம் கார்டு பில்லை முழுதாகக் கட்ட முடியாமல் போனால், மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும்.

கருவியைப் பற்றி. அபார்ட்மென்டுக்கு டிஜிட்டல் என்ற உங்கள் கணக்கு சரி. பித்தளை சாக்ஸபோனின் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும். யமஹாவின் ஒய்.டி.எஸ்-150 போன்றவற்றில் ஒலியைக் குறைக்கலாம், ஹெட்போன் மாட்டலாம், ஸ்ருதியை நொடியில் மாற்றலாம். ஆனால் அதில் நாணல் சீவாளி அதிர்வதில்லை. ஊதும் காற்றின் அழுத்தத்தை சென்சார் அளக்கிறது, ஸ்பீக்கர் பாடுகிறது. விரல் பழகும், மூச்சு ஓரளவு பழகும், உதட்டுப் பிடிப்பு அவ்வளவாகப் பழகாது. சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தின் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைப்பதை, கேட்டு மயங்கியவர் என்றால் இது முக்கியம். அவர் உதட்டாலும் மூச்சாலும் செய்ததை, டிஜிட்டலில் கட்டைவிரல் விசையிலோ பல் அழுத்தத்தை உணரும் சென்சாரிலோ செய்யப் பார்க்க வேண்டும். பழைய சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் என்றால் கவலை இல்லை. எப்படியும், வாங்குவதற்கு முன் சொல்லிக்கொடுக்கப்போகிறவரைப் பாருங்கள். ‘பித்தளை கொண்டு வந்தால்தான் வகுப்பு’ என்பவர்கள் உண்டு. இன்னொன்று, வகுப்புக் கட்டணம் உங்கள் கணக்கிலேயே இல்லை. மாதம் 1,500 என்றாலும் வருஷத்துக்கு 18,000.

எலெக்ட்ரானிக் பொருள் என்பதால் மறுவிற்பனையில் இது செல்போன் மாதிரிதான் இறங்கும். நல்ல பித்தளைக் கருவி அவ்வளவு இறங்காது. அதற்காக 25,000 ரூபாய்க்குக் கிடைக்கும் புதுப் பித்தளைக் கருவியை ஆன்லைனில் வாங்கிவிடாதீர்கள். துளை மூடிகள் சரியாகப் படியாமல் காற்றுக் கசிந்தால், தப்பு உங்கள் மூச்சில் என்று நினைத்தே மாதக்கணக்கில் நொந்துபோவீர்கள்.

இப்போது எனக்குப் பிடித்த யோசனை. சில நூறு ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ரெக்கார்டர் வாங்குங்கள், பள்ளிப் பிள்ளைகள் ஊதுவார்களே, அது. ஜெர்மன் விரல்முறை என்று கேட்டு வாங்குங்கள். இடதுகையின் மூன்று விரல், அப்புறம் வலதுகையின் ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு வரும் வரிசை, கிட்டத்தட்ட சாக்ஸபோனுக்கும் அதேதான். தினமும் ராத்திரி இருபது நிமிடம், மூன்று மாதம் ஊதுங்கள். என் பரணில் ஒரு கீபோர்டு பழைய வேட்டி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறது. இரண்டு தவணை பாக்கி இருக்கும்போதே நான் அதைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் இந்தச் சோதனையைச் சொல்கிறேன்.

பணத்துக்கு வருவோம். சுத்தக் கணக்குப்படி 8,000 முழுவதும் நகைக்கடனுக்குப் போக வேண்டும். 9.5 சதவீதம் என்று வைத்தாலே வருஷத்துக்கு 7,600 ரூபாய் வட்டியாகப் போகிறது, அசல் அசையவே இல்லை. ஆனால் முழுவதையும் அங்கே போடச் சொன்னால் நான்காவது மாதம் கோபத்தில் கார்டைத் தேய்த்துவிடுவீர்கள். அதனால் 5,500 நகைக்கடன் அசலுக்கு. பகுதி பகுதியாக அசல் கட்ட பெரும்பாலான வங்கிகள் விடும், கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். 2,500 ஒரு ஆர்.டி.யில், சாக்ஸபோனுக்கென்றே. ஒரு வருஷத்தில் நகைப்பக்கம் 66,000 அடைந்திருக்கும்; மிச்சத்துக்கும் வட்டிக்கும் தீபாவளி போனஸ். ஆர்.டி.யில் ஏறக்குறைய 31,000 இருக்கும். அதற்கப்புறம் 8,000 முழுக்க உங்கள் கையில். வகுப்பைத் தொடங்குங்கள், மீதியைச் சேருங்கள்.

அந்த 31,000 ரூபாயோடு இரண்டு மூன்று மாதச் சேமிப்பையும் சேர்த்தால், ரோலண்டின் ஏரோஃபோன் மினி போன்ற சின்ன கருவிகளையோ பழைய டிஜிட்டல் கருவிகளையோ விசாரிக்கலாம். பழையது பார்க்கப் போனால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சைப் பூத்திருந்தால் வேண்டாம். மெல்ல ஊத ஆரம்பித்து மெதுவாக வலுவைக் கூட்டிக்கொண்டே போங்கள். சத்தமும் கூடவே ஏற வேண்டும், தாவக் கூடாது. ஊதுவாயை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.