கேலடெட்டின் கதவுகள் திறந்த கதை

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பிளஸ் டூ படிக்கிறாள். அமெரிக்காவில் காது கேளாதவர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது என்று அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். எல்லோரையும் அரவணைக்கும் இடம் என்கிறார்களே, உண்மைதானா அம்மா?
ஒரு தாய், கரூர்

பதில்: இருக்கிறதம்மா. வாஷிங்டன் நகரில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகம். சின்னதுதான், நம்மூர்ப் பெரிய கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் அளவுக்குக்கூட அங்கே மாணவர்கள் கிடையாது. ஏமஸ் கெண்டல் என்பவர் கொடுத்த நிலத்தில் 1857-ல் பள்ளியாகத் தொடங்கியது. 1864-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அதற்குப் பட்டம் வழங்கும் உரிமை தரும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். வகுப்பு, விடுதி என்று எங்கும் அமெரிக்க சைகை மொழி புழங்குகிறது. இரண்டு பேர் பக்கத்தில் நடந்தபடியே சைகையில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் புதிய கட்டடங்களில் நடைவழிகளை அகலமாகக் கட்டியிருக்கிறார்கள்.

நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில், வகுப்பில் கையை அசைத்தால் அடி விழும். சைகை வேண்டாம், பேச்சுப் பயிற்சியே போதும் என்று 1880-ல் இத்தாலியின் மிலன் நகரில் கூடிய மாநாடு போட்ட தீர்மானம் நம்மூர் வரை வந்து சேர்ந்திருந்தது. அந்த மாநாட்டிலேயே அதை எதிர்த்த சிலரில் கேலடெட்டின் தலைவர் எட்வர்ட் மைனர் கேலடெட்டும் ஒருவர். அவருடைய அம்மா சோஃபியாவுக்குக் காது கேட்காது.

ஆனால் தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் கதவு திறந்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1887-ல்தான். வளாகத்துக்குள் இருந்த கெண்டல் பள்ளியின் கறுப்பினப் பிள்ளைகளை 1905-ல் பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரில் பள்ளி இருக்கும்போது என் பிள்ளை எதற்கு வெளியூர் போக வேண்டும் என்று லூயிஸ் மில்லர் என்ற தாய் மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டு 1952-ல் ஜெயித்தார். அப்போதும் பள்ளி அந்தப் பிள்ளைகளை மற்றவர்களோடு உட்கார வைக்கவில்லை; தனிப் பிரிவாக ஒதுக்கியது. 1954-ல்தான் அது ஒழிந்தது. அவர்களில் 24 பேருக்கு, படித்த காலத்தில் கொடுக்காத பள்ளிச் சான்றிதழை 2023-ல் விழா எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டிருந்தார்கள். எனக்கு இதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது.

அப்புறம் 1988. கல்லூரியாகி 124 வருடமாகியும், காது கேளாத ஒருவர்கூட அங்கே தலைவராக வந்ததில்லை. அந்த மார்ச்சிலும் காது கேட்கும், சைகை மொழி தெரியாத ஒருவரையே நியமித்தார்கள். இறுதிச் சுற்றில் இருந்த மற்ற இருவரும் காது கேளாதவர்கள்! மாணவர்கள் வாசல்களில் கார்களைக் குறுக்கே நிறுத்தி வளாகத்தை அடைத்தார்கள். சில நாளிலேயே அவர் விலகினார். ஒரே வாரத்தில், காது கேளாத அந்த இருவரில் ஒருவரான ஐ. கிங் ஜார்டன் தலைவரானார். நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நிறைவேறியது. உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த ஒரு வாரத்தின் கதையைத்தான்.

சரி, அவள் போக ஆசைப்பட்டால்? வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கிறார்கள். இந்திய சைகை மொழி வேறு, அமெரிக்க சைகை மொழி வேறு. அதை இப்போதே கற்கத் தொடங்கலாம். ஆங்கிலம் எழுத நன்றாக வர வேண்டும். செலவு அதிகம், உதவித்தொகை பற்றிப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தை அவளே எழுதட்டும்.