மொழி தெரியாத வெளிநாட்டவருக்கு அவசர முதலுதவி: சம்மதம் பெறுவது எப்படி?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவில் அலைச்சறுக்கும்போது காயமடைந்த, நம் மொழி எதுவும் அறியாத வெளிநாட்டவரிடம் முதலுதவிக்குச் சம்மதம் பெறுவது எவ்வாறு என்பதே கேள்வி. சம்மதம் என்பது, என்ன செய்யப்போகிறோம் என்பதை விளங்கிக்கொண்டு ஒருவர் தம் உடலைத் தொட அனுமதிப்பதாகும். அவர் நினைவிழந்திருந்தால் அச்சம்மதம் இருப்பதாகவே கொள்ளப்படும். மூச்சு நின்று 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை பாதிப்படையத் தொடங்கும் என்பதால், மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கையில் கூரை தீப்பற்றினால், அயலவர் படலையைப் பிரித்துக்கொண்டு உள்ளே நுழைவதைப் போன்றது இது.

நினைவோடு இருப்பவரிடம்தான் உண்மையான சிக்கல். காலில் காயம் என்றால், கட்டுத்துணியை அவருக்குக் காட்டி, முதலில் உங்கள் காலிலேயே சுற்றிக் காட்டி, பின்னர் அவருடைய காலைச் சுட்டிவிட்டுக் காத்திருங்கள். பக்கவாட்டில் தலையாட்டுவது நமக்கு ‘ஓம்’. பல வெளிநாட்டவருக்கோ அது மறுப்பு. ஆகவே தலையை நம்பாமல், அவர் காலை நீட்டுகிறாரா, இழுத்துக்கொள்கிறாரா என்று பார்ப்பதே மேல். (உரத்துப் பேசினால் தமிழ் விளங்கிவிடும் என்று நம்புவோரும் உளர், விளங்காது.) அதற்கிடையில் வேறொருவர் 1990 இலவச அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கட்டும்.

அவசரம் என்றாலே சம்மதம் தேவையில்லை எனப் பலர் எண்ணுகின்றனர். நினைவிழந்தவருக்குரிய அவ்விதி, தெளிவான அறிவோடு மறுக்கும் வயதுவந்தவருக்குப் பொருந்தாது.