சேர்வராயன் மலையில் பிள்ளைகளுடன் மூன்று நாள் நடை: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: எங்கள் பகுதி இளைஞர் மன்றம் சார்பில் 13 முதல் 16 வயது வரையுள்ள 24 பிள்ளைகளை ஜனவரியில் மூன்று நாள் நடைப்பயணம் அழைத்துப்போக நினைக்கிறோம். அதில் 9 பேர் பெண் பிள்ளைகள். முதல் நாள் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை சாலையிலேயே நடந்து ஏறி, அடுத்த இரண்டு நாளும் தலா 20 கி.மீ. மலைமேல் சுற்றலாம் என்று யோசனை. இது சரிவருமா? என்னென்ன ஏற்பாடு தேவை? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: மாதத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். முதல் நாள் திட்டத்தை மட்டும் அப்படியே கைவிடுங்கள். காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

மலை நடைக்கு நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் வகுத்தது, இன்றும் பயன்படுகிறது. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு சுமார் 20 கி.மீ.; ஏற்றம் 1,000 மீட்டருக்கு மேல். விதிப்படி நாலு மணி நேரமும் ஒன்றே முக்கால் மணி நேரமும் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது பழகிய பெரியவருக்கான கணக்கு, ஓய்வு சேராமல். பை சுமந்த பிள்ளைகள் கூட்டமாகப் போனால் மணிக்கு 3 கி.மீ. என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது நடைக்கு மட்டும் எட்டேகால் மணி நேரம் தாண்டும். மணிக்குப் பத்து நிமிட ஓய்வும் மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரமும் சேர்த்தால் பத்து மணி நேரத்துக்கும் மேல். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரும்போது அந்தி. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் நடைமேடை கிடையாது, விடுமுறை நாளில் வண்டி ஓயாது. அங்கே 24 பிள்ளைகளை வரிசையாக நடத்துவது ஆபத்து.

திட்டமிடும்போது கி.மீ.யை விடுங்கள், மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழுவில் ஆக மெதுவாக நடக்கும் பிள்ளையின் வேகம்தான் குழுவின் வேகம். ஓய்வு நீங்கலாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேர நடை இந்த வயதுக்குப் போதும்.

அதன்படி இப்படி மாற்றலாம். முதல் நாள் காலை பஸ்ஸில் ஏற்காடு ஏறிவிடுங்கள். சாமான்களைத் தங்குமிடத்தில் போட்டுவிட்டு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் போய்த் திரும்புங்கள். போக வர பத்துப் பன்னிரண்டு கி.மீ. சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கும் அந்த உச்சி 1,600 மீட்டருக்கு மேலே, வெட்டவெளி. காற்று அடிக்கும், வியர்த்த உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். உட்காரும் முன்பே ஸ்வெட்டரைப் போடச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் நீண்ட நடை, நாகலூர்ப் பக்கம் ஊர்ச்சாலைகளில் 15 கி.மீ. வரை. மூன்றாம் நாள் காலை 7, 8 கி.மீ. நடந்துவிட்டு, மதியம் பஸ்ஸில் இறங்கிவிடலாம். களைத்த காலோடு மலையிலிருந்து நடந்து இறங்க வேண்டாம். முட்டியும் கால்விரல் நகமும் கெடுவது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில்தான்.

காட்டுத் தடம் வேறு விஷயம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்திருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆசையிருந்தால் 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் முன்பதிவு செய்து, அவர்கள் தரும் வழிகாட்டியோடு வேறொரு நாள் போங்கள். காபித் தோட்டங்களும் தனியார் நிலம். குறுக்குவழி என்று உள்ளே நுழையாமல் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஜனவரியில் காபிப் பழப் பறிப்பும் நடக்கும், தோட்டச் சாலைகளில் லாரி வரும்.

இனி நடைமுறைக்கு வருவோம். நாலு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கட்டாயம். முதல் வாரம் வெறுங்கையோடு 6 கி.மீ. சமதரை. இரண்டாம் வாரம் 9 கி.மீ., பாதிச் சுமை. மூன்றாம் வாரம் ஊத்துமலைப் படிகளை மூன்று முறை ஏறி இறங்குங்கள். நாலாம் வாரம் முழுச் சுமையோடு 12 கி.மீ. பயணத்தில் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே பை. இரண்டு பயிற்சிக்கு மேல் தவறவிட்ட பிள்ளையை அழைத்துப்போக வேண்டாம். கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால் மலைமேல் அந்தப் பிள்ளை படும் பாட்டைவிட இது மேல்.

பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 45 கிலோ பிள்ளைக்கு நாலரைக் கிலோ. அதில் தண்ணீரே 2 கிலோ. மாற்றுடை, போர்வை எல்லாம் வண்டியில் வரட்டும். இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே சாதாரணம், ஆகவே போர்வையில் கஞ்சம் பிடிக்காதீர்கள்.

பயணங்களைக் கெடுப்பதில் முதலிடம் கொப்புளத்துக்கு. பாம்போ காட்டெருமையோ அல்ல. ஈரமான தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே எலும்பு ஒரு பக்கம் நகர, தோல் இன்னொரு பக்கம் இழுபடும். இரண்டுக்கும் நடுவில் தோலடுக்கு பிரிந்து நீர் கோக்கும். நீர் கோப்பதற்கு அரை மணி முன்பே குதிகாலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்து, தொட்டால் சுடும். அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் வேலை ஐந்து நிமிடம்தான். காலைத் துடைத்துக் காயவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் துணி பிளாஸ்டரைச் சிவப்பைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டுங்கள். நாலு மூலைகளையும் வட்டமாக்குங்கள், இல்லையென்றால் மூலை சுருண்டு அதுவே உரசும். சுருக்கமில்லாமல் நீவி ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றி, கணுக்காலிடம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். நீர் கோத்துவிட்டால் குத்தாதீர்கள். நடுவில் ஓட்டை விட்ட பஞ்சு அட்டையைச் சுற்றிலும் வைத்து ஒட்டுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகள் கால் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட்டாளிகள் முன்னால் வெட்கம். அதனால் கேட்டுப் பயனில்லை. கிளம்பிய நாற்பதாவது நிமிடம் எல்லோரும் ஷூவைக் கழற்றும் நிறுத்தம் ஒன்று வையுங்கள், பெரியவர்கள் உட்பட. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை நேராக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மலைக்காற்றில் தாகம் தெரியாது. வெயில் நேரத்தில் மணிக்கு அரை லிட்டர் என்று நீங்களே நிறுத்திக் குடிக்க வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம் என அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் கரைத்தால் வாந்திதான் வரும். காலைக்கு இட்லி நல்லது. நெய் மிதக்கும் பொங்கல் வேண்டாம், அரை மணியில் கால் கனத்துவிடும். மதியத்துக்குப் புளிசாதம் தாங்கும், தேங்காய்ச் சட்னி தாங்காது. நடுநடுவே கடலை மிட்டாய், வாழைப்பழம்.

24 பேரையும் ஒரே கூட்டமாக நடத்தாதீர்கள். பன்னிரண்டு பேராக இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரியவர்கள்: ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். கடைசியில் வருபவர் யாரையும் முந்தக் கூடாது. இரண்டு குழுவிலும் ஒரு பெண் கட்டாயம் இருக்கட்டும், அவரிடம் நாப்கினும் காகிதப் பையும் இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு எண் கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரிசையாகச் சொல்ல வையுங்கள். சாலையில் வலப்பக்கம், எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசை. வளைவில் வலப்பக்கம் உட்புறமாக அமைந்தால் முன்கூட்டியே வெளிப்புறத்துக்கு மாறுங்கள், ஓட்டுநர் கண்ணில் படுவீர்கள்.

காட்டெருமை பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் தோட்டச் சாலைக்கு வரும். பேசிக்கொண்டே நடந்தால் அதுவே விலகும். நின்று முறைத்தால் செல்ஃபி எடுக்காமல், முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். மலைத்தேனீக் கூட்டின் அருகே கல்லெறிவதும் புகை போடுவதும் கூடவே கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள்.

பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில் இழுப்பு, வலிப்பு, ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரை நாலையும் கேட்டு எழுதி வாங்குங்கள். இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. ஏற்காடு காவல் நிலையத்துக்கும் வழித்தடத்தையும் பெயர்ப் பட்டியலையும் கொடுத்துவையுங்கள். சில பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது, முக்கிய எண்களைத் தாளில் எழுதி ஒவ்வொரு பையிலும் போடுங்கள்.

கடைசியாகத் திரும்பும் நேரம். போய் வரும் வழியில் பகல் 12 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ, அங்கிருந்து திரும்புங்கள், போகவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. இதை முந்தின நாள் இரவே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் மறுநாள் கெஞ்சல் இருக்காது.